திண்டிவனத்துப் புகைக்கூண்டு

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று நாலே ஸ்டேஷன்கள். எக்ஸ்பிரஸ் வண்டிகள் இவற்றைத் திரும்பிப் பார்க்காமல் போய்விடும். பாசஞ்சரில் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்து வந்தால்தான் இந்தப் பக்கத்து அடுப்புகள் எதைத் தின்று எரிகின்றன என்பது கண்ணில் படும். ஒரு பக்கம் சவுக்குத் தோப்பு, இன்னொரு பக்கம் கரும்பு, நடுவே மல்லாட்டைக் கொல்லை, வரப்பெல்லாம் பனை, புறம்போக்கு முழுக்க வேலிக்காத்தான். (நிலக்கடலையைத்தான் இங்கே மல்லாட்டை என்கிறார்கள். திண்டிவனத்து எண்ணெய் வித்து ஆராய்ச்சிப் பண்ணையில் தோன்றிய கடலை ரகங்களுக்கு டி.எம்.வி. என்று பெயர் வந்ததே இந்த ஊரை வைத்துத்தான்.)

சவுக்கு நம் நாட்டு மரமில்லை. கடல் கடந்து வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் சென்னை ராஜதானியின் ரயில் எஞ்சின்களுக்கு விறகு வேண்டுமென்று கடற்கரை மணலில் தோப்புத் தோப்பாக வைத்தார்கள். அப்புறம் எஞ்சின்கள் கரிக்கும், டீசலுக்கும், மின்சாரத்துக்கும் மாறிவிட்டன. சவுக்கு மட்டும் நம் வீட்டுக் கொல்லைப்புறத்தில் தங்கிவிட்டது.

திண்டிவனம் என்ற பேரே மரத்தால் வந்ததுதான். திந்திரிணி என்றால் புளிய மரம். புளியங்காடு என்று அர்த்தம். ஊருக்குள் திந்திரிணீஸ்வரர் கோயில் இருக்கிறது. இதே மாவட்டத்தில், வானூர்ப் பக்கம் திருவக்கரைக்குப் போனால் மரங்கள் கல்லாகிக் கிடப்பதைப் பார்க்கலாம். சுமார் 2 கோடி வருஷத்துக்கு முந்தியவை என்கிறார்கள். பட்டையும் வரியும் அப்படியே தெரிகிறது, தட்டினால் கல். மரம் கல்லாக அத்தனை வருஷம் ஆயிற்று. மரத்தின் புகை கல்லாக ஒரே ஒரு மழைக்காலம் போதும் என்பதை நான் பார்த்தது திண்டிவனத்தில், எங்கள் சம்பந்தி வீட்டுச் சமையலறையில்.

என் நாத்தனாருக்கு விழுப்புரம். அவருடைய பெண்ணைக் கொடுத்திருப்பது திண்டிவனத்தில், பழைய மெத்தை வீடு. சமையலறையில் செங்கல்லால் கட்டிய புகைக்கூண்டு மாடிக்கு மேலே ஆள் உயரம் எழுந்து நிற்கும். தலைப்பிரசவத்துக்கு விழுப்புரம் வந்த பெண்ணுக்குத் தை மாதம் பையன் பிறந்தான். மூன்றாம் மாதம் ஒரு விசேஷத்துக்காகக் குழந்தையைத் திண்டிவனம் கொண்டுபோய் நாலு நாள் வைத்திருந்தார்கள். திரும்பி வரும்போது பிள்ளைக்கு இழுப்பு. நெஞ்சில் பூனை கத்துகிற மாதிரிச் சத்தம். டாக்டர் மருந்து எழுதுமுன் கேட்ட முதல் கேள்வி, "வீட்டுல என்ன அடுப்பு?" என்பதுதான்.

அவ்வளவுதான். "புகை நிக்கிற வீட்டுக்குப் பிள்ளையை அனுப்ப மாட்டேன்" என்று நாத்தனார் சொல்லிவிட்டார். அது சம்பந்தியம்மாள் காதுக்குப் போயிற்று. "நாங்க மூணு தலைமுறையா இந்த அடுப்புலதான் சமைச்சோம், யாரும் செத்துப் போயிடலை" என்று அங்கிருந்து பதில் வந்தது. ஐந்தாம் மாதம் கொண்டு விடவேண்டும் என்று நாள் பார்த்திருந்தது, பேச்சே இல்லாமல் நின்றுபோயிற்று. இரண்டு வீட்டுக்கும் பொதுவான மனுஷி என்று என்னை அனுப்பி வைத்தார்கள். சண்டை என்னவோ சம்பந்திகளுக்குள். காரணம் புகைக்கூண்டுக்குள்.

இரண்டு வீட்டிலுமே சமையலுக்குக் காஸ் உண்டு. ஆனாலும் விறகடுப்பு போய்விட்டதா? உங்கள் வீட்டையே நினைத்துப் பாருங்கள். குளிக்க வெந்நீர், நெல் அவிக்க, பொங்கலுக்கு, கல்யாணத்துக்கு என்று அது ஒரு மூலையில் இருந்துகொண்டுதான் இருக்கிறது. திண்டிவனத்தில் வீட்டுப் பெரியவருக்கு வெந்நீர் எந்த நேரமும் தயாராக இருக்கவேண்டும். பிள்ளை பெற்றவள் வந்தபோது நொச்சியும் வேப்பிலையும் போட்டு இன்னொரு தவலை. விடிகாலை பற்றவைத்த அடுப்பை அணைக்காமல், ஒரு பெரிய கட்டையைச் செருகி, வாயை ஓட்டால் பாதி மூடி, ராத்திரி வரை கனியவிடுவார்கள். விறகு மிச்சம் என்று நினைப்பு.

புகைக்கூண்டைக் கெடுப்பது இந்த 'மிச்சம்'தான். கட்டை காற்றில்லாமல் மந்தமாக எரிந்தால், அதிலுள்ள எண்ணெயும் பிசினும் முழுக்க எரியாமல் ஆவியாகப் புகையோடு மேலே போகும். கூண்டுச் சுவர் குளிர்ந்திருந்தால், பாத்திர மூடியில் நீர் கோப்பதுபோல அது சுவரில் கோத்துக்கொள்ளும். புகையின் சூடு சுமார் 120 டிகிரிக்குக் கீழே இறங்கினால் இந்த வேலை மும்முரமாக நடக்கும். முதலில் படிவது வெறும் ஒட்டடை, துடைப்பம் பட்டால் உதிரும். அடுத்தது மொரமொரவென்று கருப்பு அப்பளம் மாதிரிச் செதில். அதையும் விட்டுவிட்டால், மேலே மேலே படிந்து, உருகி, உறைந்து, கருங்கண்ணாடிபோலப் பளபளவென்று கெட்டிப்பட்டுவிடும். இங்கிலீஷ்காரர்கள் இதைக் கிரியோசோட் என்கிறார்கள். எங்கள் மேஸ்திரி 'கீல்' என்றார். படகுக்குப் பூசுகிற கீலின் பேர்தான். இரும்புக் கரண்டி அதன் மேல் வழுக்கிக்கொண்டு போகிறது.

விறகு ஈரமாயிருந்தால் கேட்கவே வேண்டாம். அப்போது வெட்டிய மரத்தில் ஏறக்குறையப் பாதி எடை தண்ணீர். அடுப்பின் சூடெல்லாம் அந்தத் தண்ணீரைக் காய்ச்சவே சரியாகப் போய்விடும். 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது நினைவிருக்கும். மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே பாலத்தைத் தொட்டுக்கொண்டு வெள்ளம் ஓடி, டிசம்பர் 2-ஆம் தேதி சென்னை ரயில்களையே நிறுத்திவிட்டார்கள். சம்பந்தி வீட்டில் அடுக்கி வைத்திருந்த விறகெல்லாம் ஊறிப்போயிற்று. தோட்டத்தில் விழுந்த வேம்பையும் முருங்கையையும் அறுத்து, பச்சையாகவே எரிக்க ஆரம்பித்தார்கள். டிசம்பரிலிருந்து சித்திரை வரை ஈரக்கட்டை, மந்த நெருப்பு, மூடின வாய். நான் போனபோது சமையலறைச் சுவரில் சுண்ணாம்பையும் மீறிக்கொண்டு பழுப்பாகக் கறை ஊறியிருந்தது. இரண்டு தரம் வெள்ளையடித்தும் மறையவில்லை என்றார்கள். உள்ளே பழைய ரயில்வே ஸ்லீப்பர் கட்டை வாசனை. வாசனை ஒன்றாயிருப்பதில் ஆச்சரியமில்லை. அந்த மரக்கட்டைகளுக்கு ஊட்டினதும் நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த கிரியோசோட்தான்.

சம்பந்தியம்மாள் நல்ல மனுஷி. காப்பி கொடுத்துவிட்டுத் தலையை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். "என்னான்னு தெரியலை அண்ணி, உள்ள நின்னாத் தலை வலிக்குது, கிறுகிறுன்னு வருது. திண்ணைக்கு வந்தாச் சரியாயிடுது" என்றார். இதை ஒவ்வொரு பெண்மணியும் குறித்துக்கொள்ள வேண்டும். சமையலறையில் வந்து வெளியே போனால் போகிற தலைவலி, புகைவழி அடைத்திருப்பதன் அடையாளமாக இருக்கலாம். கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பெரியவர்களுக்குத் தலைவலி செய்கிற அளவு கைக்குழந்தைக்கு ஆபத்து.

பெரியவரிடம் விஷயத்தை எடுத்தேன். அவர் சிரித்தார். "இதுக்கா இவ்வளவு? எங்க காலத்துல வைக்கோல் பிரியைக் கீழருந்து சொருகிக் கொளுத்திடுவோம். குபுகுபுன்னு எரிஞ்சு சுத்தமாயிடும்!"

எரியும், வாஸ்தவம். அந்தக் கீல் தீப்பிடித்தால் கூண்டுக்குள் சூடு ஆயிரம் டிகிரியை எட்டிவிடும். செங்கல் வெடிக்கும், சாந்து உதிரும், மேலே தணல் பறக்கும். பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டகை பனையோலைக் கூரை. பெரியவரோ எழுந்து வைக்கோலுக்கு ஆள் அனுப்பப் போய்விட்டார். 'மேஸ்திரி ஒருவர் வந்து பார்க்கட்டும், அப்புறம் உங்கள் இஷ்டம்' என்று கெஞ்சி ஒருநாள் தவணை வாங்கினேன்.

மேஸ்திரியை விழுப்புரத்தில் பிடித்தோம். ஐந்து திக்கிலும் ரயில்பாதை பிரிகிற ஜங்ஷன் அது. பழைய ரயில்வே குவார்ட்டர்ஸ்களின் புகைக்கூண்டுகளைப் பழுது பார்த்துப் பழகினவர். அவருக்காகக் காத்திருந்த நேரத்தில்தான் நாத்தனார் வீட்டுக் கொல்லையிலிருந்த புகையில்லா அடுப்பையும் பார்த்தேன். 1983 முடிவில் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில் இந்தியா முழுக்க மூன்றரைக் கோடி அடுப்புகள் வரை போட்டார்கள், 2002 வரை நடந்தது. அதற்கெல்லாம் முன்னோடி ஹைதராபாதில் எஸ்.பி. ராஜு என்ற எஞ்சினீயர். ஏழைச் சமையலறைக்குப் புகையில்லா அடுப்பு என்று அவர் எழுதின புத்தகம் 1953-இல் சென்னையில்தான் அச்சாயிற்று. நல்ல யோசனை. ஆனால் குழாயைத் துடைக்க வேண்டுமென்று யார் நினைத்தார்கள்? நாத்தனார் வீட்டுக் குழாய்க்குள் விரல் நுழையவில்லை. ஒரிசாவில் சுமார் 2,600 வீடுகளில் இம்மாதிரி அடுப்புகளை நாலு வருஷம் வரை தொடர்ந்து பார்த்த பொருளாதார நிபுணர்கள் (நோபல் பரிசு வாங்கின எஸ்தர் டுஃப்லோவும் ஒருவர்), முதல் வருஷம் தெரிந்த கொஞ்ச நன்மையும் பிறகு மறைந்துபோயிற்று, பழுதும் பார்க்கவில்லை, சரியாகப் பயன்படுத்தவும் இல்லை என்று எழுதினார்கள். படிக்கும்போது யாரோ நம் வீட்டை எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது. ஒன்று மட்டும் சொல்லட்டுமா? அடுப்பைக் கொடுத்தவர்களில் எத்தனை பேர் கூடவே ஒரு தூரிகையும் கொடுத்தார்கள்?

அந்தக் குழாய் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட். மேஸ்திரி அதைச் சுரண்டவே கூடாது என்றார். அதன் தூள் நுரையீரலுக்குப் பகை. தண்ணீர் தெளித்து, உடைக்காமல் முழுசாகக் கழற்றி, சாக்கில் சுற்றி அப்புறப்படுத்திவிட்டுத் தகரக் குழாய் மாட்டினார்.

திண்டிவனத்து வேலைக்கு இரண்டு நாள் முன்பே அடுப்பை அணைத்தாயிற்று. தாயும் பிள்ளையும் விழுப்புரத்திலேயே இருந்தார்கள். கொரோனா சமயத்தில் வாங்கின என்-95 முகமூடி, கண்ணுக்குக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. அடுப்பு வாயை ஈரச் சாக்கால் அடைத்தார்கள். கைக்கண்ணாடியையும் டார்ச்சையும் சரித்துப் பிடித்து மேஸ்திரி கூண்டுக்குள் காட்டினார். கருப்பாக, வழவழவென்று மின்னியது. திருப்புளியால் கீறி அளந்தார். கால் அங்குலம். "அரைக்கால் அங்குலத்துலயே துடைச்சிருக்கணும். இதுல வைக்கோல் வெச்சீங்கன்னா ஃபயர் எஞ்சின்தாங்க வரணும்" என்றார். பெரியவர் பதில் பேசாமல் வெற்றிலைப் பெட்டியைத் திறந்துகொண்டார்.

முதலில் தேங்காய் நார்ப் பந்தைக் கயிற்றில் கட்டி மேலிருந்து இறக்கி ஏற்றி, இளகின ஒட்டடையை எடுத்தார். கீலுக்கு அது போதாது. வெளிநாடுகளில் மோட்டார் வைத்துச் சுழற்றுகிற சங்கிலி உண்டு, கீலைப் பொடியாக்குகிற மருந்துத் தூளும் உண்டு. நம் ஊர்க் கடைகளில் நான் அவற்றைப் பார்த்ததில்லை. மேஸ்திரி, பரணில் கிடந்த பழைய ஊஞ்சல் சங்கிலியில் முழ நீளத்துக்கு மூன்று துண்டு எடுத்தார். கயிற்று நுனியில் கட்டி, நடுவே ஒரு கனத்தைத் தொங்கவிட்டு, கயிற்றை நன்றாக முறுக்கிவிட்டு இறக்கினார். முறுக்கு அவிழும்போது சங்கிலிகள் சுழன்று சுவரை டக் டக்கென்று தட்டின. ஓங்கி அடிக்கக் கூடாதாம். பழைய சாந்து கையோடு வந்துவிடும். அரை அடி இறக்குவது, தட்டவிடுவது, மறுபடி முறுக்குவது. இப்படிக் காலையிலிருந்து மத்தியானம் வரை. கருப்பட்டியை உடைத்தாற்போலக் கட்டி கட்டியாக விழுந்தது. இரண்டு மண்ணெண்ணெய் டின் நிறைந்தது. "இத்தனையுமா என் தலைக்கு மேல இருந்துச்சு?" என்று சம்பந்தியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார்.

கூண்டு வளைகிற இடத்தில் மெல்லிசாக ஒரு பூச்சு மிச்சம் நின்றது. அதைச் சுரண்டினால் செங்கல் போகும் என்று விட்டுவிட்டார். விரிசல்களுக்குச் சுண்ணாம்புச் சாந்து பூசிக் காயவிட்டு, ஒரு வாரம் கழித்து நன்றாய்க் காய்ந்த சவுக்கு மிளாறால் தினம் காலையில் அரைமணி நேரம் சுறுசுறுப்பான நெருப்பு, அடுப்பு வாயைத் திறந்து வைத்து. பக்கத்தில் ஒரு வாளி மணல், மாடியில் ஓர் ஆள் காவல். பதினைந்து நாளில் அந்தப் பூச்சு கொப்புளித்து, பொரிந்து, மறுபடி நார்ப்பந்து போட்டபோது பொரி மாதிரி உதிர்ந்தது. கவனியுங்கள், கெட்டிப் படலம் முழுவதையும் எடுத்த பிறகுதான் இந்த நெருப்பு. கால் அங்குலம் இருக்கும்போதே செய்தால் பெரியவருடைய வைக்கோலும் இதுவும் ஒன்றுதான். அடுப்பில் உப்பைப் போடு, உருளைக்கிழங்குத் தோலைப் போடு என்பார்கள். கெட்டிப்பட்டதை அது அசைக்காது.

விழுந்த கீலைக் கொல்லையில் ஆழக் குழி வெட்டிப் புதைத்தோம், கிணற்றுக்குத் தள்ளி. வேலைக்கார அம்மாள் ஒரு கட்டியை எடுத்து, "பல்லு தேய்க்க ஆவுமா?" என்று கேட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. உமிக்கரியில் பல் தேய்த்த கை நம்முடையது. ஆனால் இது வேறு. 1775-லேயே பெர்சிவல் பாட் என்ற லண்டன் டாக்டர், சிறு வயதில் புகைக்கூண்டுக்குள் ஏறித் துடைத்தவர்களுக்குப் பிற்பாடு புற்றுநோய் வருவதைக் கண்டு எழுதினார். நாலைந்து வயதுப் பிள்ளைகளை அந்த இருட்டுக் குழாய்க்குள் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்த தேசம் அது. சட்டம் போட்டு நிஜமாகவே நிறுத்த 1875 ஆயிற்று. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு இன்றைக்கும் இந்தப் புகைக்கரியைப் புற்றுநோய் உண்டாக்குகிற பொருள்களின் முதல் வரிசையில்தான் வைத்திருக்கிறது. கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும், துணியைத் தனியே துவைக்கவேண்டும். பாத்திரம் தேய்க்கவோ செடிக்கு உரமாகவோ கூடாது.

கூண்டுக்குள் படியாத புகை எங்கே போகும்? நம் நெஞ்சுக்குள்தான். வீட்டுப் புகையால் 2020-இல் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. போரூர் ஸ்ரீராமச்சந்திராவில் டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் தமிழ்நாட்டுக் கிராமத்துச் சமையலறைகளில் கருவி வைத்து அளந்திருக்கிறார்கள். அடுப்பெதிரே நிற்கிறவளுக்குத்தான் அதிகப் புகை, அடுத்தது அவள் பக்கத்திலேயே இருப்பவர்களுக்கு. பக்கத்தில் யார் இருப்பார்கள், இடுப்புக் குழந்தையைத் தவிர? சாம்பிராணிப் புகையும் புகைதான் என்று நான் சொன்னபோது மட்டும் இரண்டு சம்பந்திகளும் ஒற்றுமையாக என்னை முறைத்தார்கள்.

விறகுக்கு இப்போது மழை படாத தாழ்வாரம் போட்டிருக்கிறார்கள். பிளந்து, தரையில் படாமல் செங்கல் மேல் அடுக்கி, மேலே மட்டும் தகரம், பக்கமெல்லாம் காற்றாட. மாசியில் பிளந்தால் ஆவணிக்குள் காய்ந்துவிடும். ஐப்பசி மழைக்கு முன் எரிக்கத் தயார். காய்ந்ததா என்று பார்க்க இரண்டு கட்டையைத் தட்டினால் போதும். காய்ந்தது கணீரென்று கேட்கும், ஈரமானது பொத்தென்று கேட்கும். நுனியில் விரிசல் விட்டிருக்கும், பட்டை தானே கழலும். பெரியவரே தினம் இரண்டைத் தட்டிப் பார்க்கிறாராம். வெந்நீரும் கனியவிடுவதில்லை. காலையில் ஒரு தரம் வேகமாய்க் காய்ச்சி, தவலையை மூடி வைத்துவிடுகிறார்கள்.

கொண்டு விடுகிற நாளன்று நாத்தனார் திண்டிவனம் வந்தார். வாசலில் ஆரத்தி எடுத்ததும் நேரே சமையலறைக்குப் போய், புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, குனிந்து கூண்டுக்குள் பார்த்தார். மேலே வானம் ஒரு சதுரமாக வெளுப்பாய்த் தெரிந்தது. "பால் காய்ச்சலாமா?" என்றார் சம்பந்தியம்மாளைப் பார்த்து. "காஸ்லயே காய்ச்சிடலாம் அண்ணி" என்றார் அவர்.

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தான். மேஸ்திரி ஆவணியில் ஒரு தடவையும், மழை விட்டு மாசியில் ஒரு தடவையும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஊஞ்சல் சங்கிலியைப் பரணில் ஏற்றாமல் கூண்டுக்குப் பக்கத்திலேயே ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார்கள்.